மைக்கில் கேட்ட குறட்டை

தூக்கப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, முகமூடியின் வாரை எப்படி இழுத்துக் கட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது பெட்டிக்குள் இருக்கும் தாளில் படத்தோடு இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் தாதியாக இருந்து, அதில் கடைசி ஒன்பது வருடம் நீங்கள் இப்போது பார்க்கிற இதே வேலையைப் பார்த்த பிறகும், ஒரு சனிக்கிழமை காலையில் இருபத்தைந்து பேர் முன்னால் நான் எப்படி அசடு வழிந்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். சுங்கைப் பட்டாணிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

முனியாண்டி அண்ணன் பாடாங் மேஹாவில் இருந்து வந்தவர். என்னைவிட ஆறு வயது சிறியவர்தான். ஆனால் எங்கள் பக்கம் ஸ்டியரிங் பிடிக்கும் யாராக இருந்தாலும் அண்ணன்தான். செம்பனைத் தோட்டங்களுக்குள் புகுந்து புறப்பட்டு, தொழிற்சாலைக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டுகிறவர். நாற்பது பேர் உட்காரும் பஸ். அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தவர் அவர் மனைவி சரோஜா அக்கா.

"இவரு குறட்டை விட்டா பக்கத்து வீட்டு நாயி எழுந்திரிச்சி குலைக்குது மிஸி. அதுகூடப் பரவால்ல. நடுவுல சத்தம் நின்னுடுது. நின்னா வரவே மாட்டேங்குது. நான் தட்டித் தட்டி எழுப்புறேன்" என்றார். எங்கள் பக்கம் தாதிக்கு மிஸி என்றுதான் பெயர்.

"தூங்குறவனத் தட்டுனா எழுந்திரிக்காம என்னா லா செய்வான்?" என்றார் அண்ணன்.

வீட்டுக்குக் கருவி கொடுத்து அனுப்பிச் சோதித்தோம். ஸ்லீப் ஆப்னியா, அதுவும் கடுமையான வகை. தூங்கும்போது தொண்டை தளர்ந்து வழியை மூடிக்கொள்கிறது. மூச்சு நின்று நின்று வருகிறது. ஒவ்வொரு தடவையும் மூளை பதறி எழுப்பிவிடுகிறது. ராத்திரி முழுக்கப் படுத்திருந்தும் மனிதன் தூங்கியிருக்க மாட்டான். பகலில் கண் சொருகும். உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டில் யாராவது இதை எடுத்துப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டுமே.

காற்றை மெல்ல உள்ளே தள்ளித் தொண்டையைத் திறந்துவைக்கும் சீபேப் மெசின் ஒன்றைக் கொடுத்தோம். மூச்சுக்கு ஏற்ப, காற்றின் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. அன்று வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். நான் அண்ணனின் மூக்கில் முகமூடியை மாட்டினேன்.

"மிஸி, எனக்கு மூக்கு வந்து..."

"பழகிடும் அண்ணே."

"இல்ல மிஸி, ராத்திரியில மூக்கு..."

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க. ரெண்டு வாரத்துல பழகிடும். மெசின்ல செருகுற இந்தக் கார்டைப் பாருங்க. எத்தனை மணி நேரம் போட்டீங்கன்னு இதுல எல்லாம் பதிவாகும். போடலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் பஸ் ஓட்டலாம்னு டாக்டர் லெட்டர் குடுக்க மாட்டாங்க, சரியா?"

அவர் வாயை மூடிக்கொண்டார். சரோஜா அக்கா அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். என் தவறு எதுவென்று தேடுகிறவர்கள் இங்கேயே நிறுத்தித் தேடலாம். நான் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆனது.

மாதம் ஒரு தடவை கார்டு வந்தது. அதைக் கணினியில் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். முதல் இரண்டு நாளை விட்டால் ஒரு நாள்கூடத் தவறவில்லை. தினமும் ஏழரை மணி நேரம், எட்டு மணி நேரம். மூச்சு நிற்பது அநேகமாக இல்லை. அதை நம்பியே பஸ் ஓட்டலாம் என்ற லெட்டரும் மாதா மாதம் கிடைத்தது. நம் ஆட்களில் பாதிப்பேர் ஒரு வாரத்தில் மெசினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள், தெரியுமல்லவா? அவர்களுக்கு நடுவில் இவர் தங்கம்! பச்சைக் கோடுகளாக நிற்கும் அந்த வரைபடத்தை அச்செடுத்து, பெயரை மறைத்து, சுவரில் ஒட்டினேன். வருகிற எல்லோரிடமும், "பாருங்க, இவரால முடியுது, உங்களால ஏன் முடியல?" என்று கேட்பேன்.

அண்ணன் மட்டும் கார்டைக் கொடுக்க வரும்போது வெளியே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிற மனிதர், களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். எல்லா விடையும் கணினியில் இருக்கும்போது முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

நம் பிரிவின் டாக்டரம்மா அந்தச் சமயத்தில் நோயாளிகளுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். மெசினைப் பழகிக்கொண்ட ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்றார். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. முனியாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நானா? எனக்குப் பேச வராது மிஸி."

"நாலு வார்த்தை போதும் அண்ணே. நீங்கதான் எங்க ஸ்டார்."

"வேற யாராச்சும்..." என்று இழுத்தார். அடக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாடி மண்டபத்தில் கூட்டம். பலகாரமும் தேநீரும் வைத்திருந்தோம். நோயாளிகளும் வீட்டுக்காரர்களுமாக இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு, தலையில் எண்ணெய் தடவி, மேடை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சரோஜா அக்கா முன்வரிசையில் இருந்தார். அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பொலிவு. புருஷன் மேடை ஏறியதில் வந்த பெருமை என்று அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

மைக்கை அண்ணன் கையில் கொடுத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். எம் பேரு முனியாண்டி. பஸ் ஓட்டுறேன். இந்த மெசின் வந்து... ரொம்ப நல்ல மெசின். எங்க வீட்டுல நல்லா தூங்குறாங்க."

கை தட்டினார்கள். "எங்க வீட்டுல" என்று அவர் சொன்னது அப்போது என் காதில் சரியாக விழவே இல்லை. மேற்கொண்டு அவர் பேசுவதற்குள் டாக்டரம்மா, "முதலில் சில படங்கள் காட்டிவிடுகிறேன், பிறகு ஐயா தொடர்வார்" என்று விளக்குகளை அணைக்கச் சொன்னார். திரையில் தொண்டையின் படம் வந்தது. குளிர்சாதனம் ஓடியது. மண்டபம் இருட்டாக, இதமாக இருந்தது.

இரண்டாவது படத்தில் சத்தம் ஆரம்பித்தது.

முதலில் ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். யாரோ மரம் அறுப்பது போல நான்கு மூலைகளில் இருந்தும் வந்தது. மைக் அண்ணன் கையில்தான் இருந்தது. கை மார்போடு சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. மண்டபமே சிரித்தது. சரோஜா அக்காவும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் காது சூடேறியது. நம் சுவரில் ஒட்டியிருந்த ஸ்டார், நம் மேடையிலேயே, நம் மைக்கிலேயே குறட்டை விடுகிறார்!

அப்புறம் சத்தம் நின்றது.

சிரிப்பும் நின்றது. ஒலிபெருக்கியில் லேசான இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் மார்பு எழும்பப் பார்க்கிறது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. ஒன்று, இரண்டு என்று என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தேன். அங்கே இருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் நடப்பதுதான் இது. ஆனால் விழித்திருந்து, பெரிய ஒலிபெருக்கியில், அந்த மௌனத்தை யார் கேட்டிருப்பார்கள்? பின்வரிசையில் ஒரு பாட்டி, "ஐயோ, யாராச்சும் எழுப்புங்களேன்!" என்று கத்தினார். இருபத்திரண்டு எண்ணியபோது அவர் பெரிய செருமலோடு மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்து, மைக்கில் சொன்னார்:

"ஆங்... அதனால, எல்லாரும் மெசின் போடுங்க."

டாக்டரம்மா விளக்கைப் போடச் சொல்லி, எல்லோரையும் தேநீர் குடிக்க அனுப்பினார். நான் கணவனையும் மனைவியையும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனேன்.

"அண்ணே, நேத்து ராத்திரி மெசின் போட்டீங்களா?"

அவர் சரோஜா அக்காவைப் பார்த்தார். சரோஜா அக்கா தன் கைப்பையைப் பார்த்தார்.

"அவரு போடல மிஸி" என்றார் அக்கா. "நான்தான் போட்டேன்."

"நேத்தா?"

"மூணு மாசமா."

அக்கா ஒரே மூச்சில் கொட்டினார். முதல் நாளே அண்ணன் பத்து நிமிடத்தில் முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். மூக்கு இரண்டும் அடைப்பு. வாயைத் திறந்தால் காற்று புஸ்ஸென்று வெளியே போகிறது. மறுநாளும் அதே கதைதான். கார்டில் பதிவாகாவிட்டால் லெட்டர் கிடைக்காது என்று மிஸி சொல்லியிருக்கிறாரே! வேலை போய்விடும் என்று பயந்து, மூன்றாம் நாள் அக்கா தானே மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார், கார்டை ஏமாற்றுவதற்காக.

"படுத்ததுதான் தெரியும் மிஸி. கண்ண முழிச்சா விடிஞ்சிடுச்சி. எப்பவும் மூணு தடவ பாத்ரூமுக்கு எழுந்திரிப்பேன், அன்னிக்கு எழுந்திரிக்கவே இல்ல. காலையில தலவலி இருக்கும், அதுவும் இல்ல. எனக்குப் பதினேழு வயசு ஆன மாதிரி இருந்திச்சி. மறுநாளு இவரு போட வேணாம்னு நானே சாமியக் கும்பிட்டேன்" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார்.

"கேட்டாலும் தர மாட்டேங்கிறா மிஸி" என்றார் அண்ணன்.

நான் சிரிக்கவா அழவா? மூன்று மாதமாகக் கணினியில் நான் பார்த்துப் பூரித்த பச்சைக் கோடெல்லாம் சரோஜா அக்காவின் மூச்சு. அந்த அம்மாவுக்கும் இதே நோய் இருந்திருக்கிறது. புருஷனின் குறட்டைச் சத்தத்தில் அவருடையது யார் காதிலும் விழவில்லை. தன்னைத் தட்டி எழுப்ப யாருமில்லாமல், அவர் மட்டும் இன்னொருவரைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன்க்கா, உங்களுக்குக் களைப்பு, தலைவலி எல்லாம் இருக்குன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பொம்பளன்னா களைப்பா இருக்கிறதுதானே மிஸி. நீங்களும் கேக்கலையே."

நான் கேட்கவில்லைதான். என் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒரு நாற்காலியில் இருந்தவரை நோயாளி என்றும் மற்றதில் இருந்தவரைத் துணைக்கு வந்தவர் என்றும் நானே முடிவு செய்துவிட்டேன். நோயாளி என்று முடிவு செய்தவர் சொல்ல வந்ததையும் முழுசாகக் கேட்கவில்லை.

வெட்கப்பட எனக்கு அதிக நேரம் கிடைக்கவில்லை. அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "பதினொன்னே முக்கா ஆச்சி மிஸி. ஒரு மணிக்கு மத்தியான ஷிஃப்ட்டை ஏத்தணும். பஸ்ஸு கீழதான் நிக்குது."

இந்த இடத்தைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். மூன்று மாதமாகச் சிகிச்சை இல்லாத ஒரு மனிதர், சற்று முன் உட்கார்ந்தபடியே தூங்கி மூச்சு நின்றவர், நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு போகப்போகிறார். டாக்டரம்மா மண்டபத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நோயாளியின் ரகசியத்தை முதலாளிக்குச் சொல்வது தவறு என்று நான்தான் உங்களைப் போன்ற எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவள். சொல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம் தேவையில்லை.

நான் கதவின் முன்னால் போய் நின்றேன். என் உயரம் உங்களுக்குத் தெரியும். அண்ணன் நினைத்திருந்தால் என்னைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

"இன்னிக்கு நீங்க ஓட்டக்கூடாது அண்ணே."

"மிஸி, இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல."

"தூங்கி விழுந்ததில்லையா?"

நான் விடாமல் நின்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன வாரம் கூலிம் ரோட்டுல ஒரு சிக்னல் லைட்டு. பச்ச விழுந்தது தெரியல. பின்னால ஹார்ன் அடிச்சாங்க. ஒரு நிமிசம்தான் மிஸி."

சரோஜா அக்காவுக்கு அது அதுவரை தெரியாது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், அவர் சட்டைப் பையில் இருந்த பஸ் சாவியை எடுத்து, என்னிடம் கொடுக்காமல், தன் கைப்பைக்குள் போட்டு இழுத்து மூடினார். "நம்ம பொண்ணும் அந்த பஸ்ஸுலதான் போறா. ஞாபகம் இருக்கா?" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் உட்கார்ந்துவிட்டார். நான் என் போனை நீட்டினேன்.

"முதலாளிக்கு நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன், இது உங்க விசயம். ஆனா வேற டிரைவர் வர்றாருன்னு தெரியிற வரைக்கும் நான் இந்தக் கதவை விட்டு நகர மாட்டேன்."

அவர் போனை வாங்கி, தொண்டையைச் செருமி, "தவுக்கே? சாக்கிட் பெருட் லா. ரொம்ப சாக்கிட். கக்கூசை விட்டு வெளிய வர முடியல" என்றார். வயிற்று வலிக்கு அவர் கொடுத்த விளக்கங்களை இங்கே எழுத முடியாது. மாற்று டிரைவர் கிடைத்தார். அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது பஸ்ஸை ஓட்ட இன்னொரு ஆள் மட்டுமே. திங்கட்கிழமை டாக்டரம்மா அண்ணனிடம் நிதானமாகப் பேசி, முதலாளிக்கு அவர் வாயாலேயே உண்மையைச் சொல்லவைத்தார். பஸ் கழுவுகிற வேலையும் பட்டறை வேலையும் அவருக்குக் கிடைத்தன. கூட்டம் முடிந்ததும் நான் டாக்டரம்மாவிடம் கார்டு விஷயத்தைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. "மெசினுக்கு மூச்சு தெரியும், முகம் தெரியாது. முகத்தைப் பார்க்கத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள்" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பிறகு முதலில் இருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை நான் காதைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"அந்த மாஸ்க்கு இல்லாம வேற வழி கெடையாதா?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. யார் கேட்டாலும் எல்லா வழிகளையும் மேசைமேல் வையுங்கள். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல்கவசம் ஒன்று இருக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். லேசான நோய்க்கு நன்றாகவே வேலை செய்யும், மெசினே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கொடுத்துப் பார்ப்பதுண்டு, ஆனால் அதைப் பிடித்துக்கொள்ளப் பல் வேண்டும் என்றார். அண்ணன் சட்டென்று மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அந்த வழி அங்கேயே முடிந்தது.

மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுத்தால் கொஞ்சம் குறையும், அது கூடவே செய்ய வேண்டியது என்றோம். முதுகுப் பக்கம் சட்டையில் சின்னப் பந்து ஒன்றைத் தைத்துக்கொண்டால் புரண்டு படுக்க முடியாது என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். 'சின்ன' என்பதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சரோஜா அக்கா வீட்டில் கிடந்த, காலால் உதைத்து ஆடும் பெரிய செப்பாக் தக்ரோ பந்தைத் தைத்துவிட்டார். அண்ணன் புரண்டபோது பந்து உருண்டு, பந்தோடு அவரும் உருண்டு, கட்டிலுக்குக் கீழே போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரம் இடுப்பில் எண்ணெய் வாசனையோடு வந்தார்.

எடையைக் குறைத்தால் உதவும் என்றபோது தலையை ஆட்டினார். காலையில் இரண்டு ரொட்டி சானாய் ஒன்றானது. அது பலன் தர மாதங்கள் ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னோம். அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்டதும் மூக்கு நிபுணரிடம் அனுப்பினோம். அவர்தான் ஒரு வழியாக நான் மூன்று மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார். உள்ளே சதை வீங்கி, மூக்கு அடைத்திருந்தது. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், மருந்து அடித்துப் பார்ப்போம் என்றார். மூன்று வாரத்தில் வழி திறந்தது. காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் பாத்திரத்தை மெசினோடு சேர்த்தோம். முகமூடியை முதலில் பகலில், உட்கார்ந்து டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மட்டும் போட்டுப் பழகச் சொன்னோம். தொடர் பார்க்கும்போது அவர் குறுக்கே பேச முடியாததால், வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சிகிச்சை பிடித்துப்போனது.

சரோஜா அக்காவையும் முறைப்படி சோதித்தோம். அடுத்தவர் மெசினைப் போட்டுக்கொள்வது தப்பு என்று கொஞ்சம் கண்டிக்கவும் செய்தேன். நடுத்தரமான நோய். அவருக்குப் பல் நன்றாக இருந்ததால் பல்கவசத்தையும் எடுத்துச் சொன்னோம். "அதெல்லாம் வேணாம். எனக்கு என் மெசின் போதும்" என்றார். 'என் மெசின்' என்று அவர் சொன்னபோது அண்ணன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. கடைசியில் இரண்டு மெசின் போனது, கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

நான்கு மாதம் கழித்து, கார்டையும் பார்த்து, ஆளையும் பார்த்து, பகலில் தூக்கம் வருகிறதா என்று தனியாகச் சோதித்தும் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா லெட்டரில் கையெழுத்துப் போட்டார். அண்ணன் பஸ்ஸுக்குத் திரும்பினார். இரண்டு வாரம் கழித்து என்னைப் பார்க்க வந்தார்.

"மிஸி, ஒரு விசயம். முந்தி நான் பஸ்ஸுல ரேடியோவ ஃபுல் சவுண்டுல வைப்பேன். புளிப்பு ஆசம்போய் வாய் நெறைய அடக்கிக்குவேன். தூக்கம் வராம இருக்கத்தான். இப்ப ரேடியோ போடவே மறந்துடுறேன். பஸ்ஸு அமைதியா போவுது. பொம்பளைங்க எல்லாம் இப்பத்தான் நிம்மதியா தூங்குறோம்னு சொல்றாங்க."

"நல்லதுதானே அண்ணே?"

"நல்லதுதான். ஆனா மூணாவது சீட்டுல ஒரு தங்கச்சி. அது தூங்கயில சத்தம் நின்னு நின்னு வருது மிஸி. எனக்குத் தெரியாத சத்தமா? உங்ககிட்ட அனுப்பவா?"

அந்தப் பெண் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தாள். கூட வந்த கணவன் உட்காரும் முன்பே, "இவளுக்கு ஒன்னும் இல்ல மிஸி. பக்கத்துலயே படுக்கிறேன், குறட்டைச் சத்தம் ஒரு நாளும் எங் காதுல விழுந்ததில்ல" என்றான்.

"நீங்க எப்படித் தம்பி தூங்குவீங்க?" என்று கேட்டேன்.

"நானா? அடிச்சிப் போட்ட மாதிரி. காலையில எழுந்தா இன்னும் ரெண்டு மடங்கு தூக்கம் வரும்."

இழுப்பறையைத் திறந்து, சோதனைக்குப் பெயர் எழுதும் பாரம் இரண்டு எடுத்தேன்.